அக்கரையில் இரண்டு பேர்

இதை எழுத வேண்டாம் என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது எழுந்து போய்விட்டார். நான் எழுதுகிறேன். யாரிடமாவது முழுசாகச் சொல்லி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

நான் எப்சி. சேலையூரில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பேய்க் கதை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிரிப்புதான். காலேஜ் ஹாஸ்டலில் மற்றப் பெண்கள் போர்வைக்குள் ஒண்டிக்கொள்ளும்போது, 'அப்புறம் என்னாச்சு, பேய் பஸ் ஏறிப் போச்சா?' என்று கேட்டு எல்லாரிடமும் திட்டு வாங்குவேன். அப்படிப்பட்ட நான் இப்போது இருட்டிய பிறகு என் வீட்டு பால்கனிக் கதவைத் திறப்பதில்லை. திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை.

ஏரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சுற்றி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. பெருங்களத்தூர்ப் பக்கத்து ஏரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. பால்கனிக்கு நேர் கீழே ஏரி. அக்கரையில் மண் கரை, அதன் பின்னால் கருவேல மரங்கள். வீடு வாசல் எதுவும் கிடையாது. பார்க்க மிகப் பக்கம். உரக்கக் கத்தினால் கேட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து, நெரிசலில் திணறி, யூ டர்ன் அடித்து, மண் பாதையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். சாதாரண நாளிலேயே கால் மணி நேரம் பிடிக்கும்.

ஏப்ரலில் எங்கள் மகள் ஏஞ்சலுக்கு எல்.கே.ஜி. முடிந்து லீவு விட்டார்கள். எனக்கும் லீவு. அந்தச் சமயத்தில்தான் பி பிளாக் ராஜகோபாலன் சார் கழுத்தில் பைனாகுலரோடு லிஃப்டில் எங்களிடம் மாட்டினார்.

"இந்த ஏரில பார்க்க என்ன சார் இருக்கு? ஆகாயத்தாமரைதானே?" என்று என் கணவர் ஜோஷ்வா கேட்டார்.

"நாளைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்குக் கீழ வாங்க. அப்புறம் சொல்லுங்க."

போனோம். அன்றோடு எங்கள் கோடை மாறிவிட்டது. நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், வக்கா என்று ஜோஷ்வா தூக்கத்தில்கூடப் பறவைப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிவந்த கண்களுக்கு இது மருந்து மாதிரி இருந்தது என்பார். ஏஞ்சலுக்கு ஆள்காட்டிக் குருவிதான் பிடிக்கும். அது தரையில் முட்டையிடும் பறவை. கரையில் மனிதர் யார் கால் வைத்தாலும் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தும். "நம்மளைத் திட்டுதும்மா" என்று ஏஞ்சல் கைதட்டுவாள்.

மே மாதம் ராஜகோபாலன் சார் அந்துப்பூச்சிக்கு மாறினார். கூடவே ஜோஷ்வாவும். விஷயம் எளிமையானது. இரண்டு கம்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணியைக் கட்ட வேண்டும். அதன் முன்னால், பூச்சிகளை இழுக்கும் ஊதா பல்பு ஒன்று. அதற்கு ஒரு பழைய பேட்டரி. அரை மணி நேரத்தில் துணி முழுக்கப் பூச்சிகள் வந்து உட்காரும். போட்டோ எடுத்துவிட்டு விளக்கை அணைத்தால் பறந்து போய்விடும். யாருக்கும் கெடுதல் இல்லை.

முதலில் மொட்டை மாடியில்தான் கட்டினார்கள். இரண்டாம் நாளே அசோசியேஷன் செக்ரட்டரி மேலே வந்துவிட்டார்.

"பூச்சி மருந்து அடிக்க நாங்க மாசா மாசம் செலவு பண்றோம். நீங்க லைட்டைப் போட்டு வான்னு கூப்பிடறீங்க. டெங்கு வந்தா யார் சார் பொறுப்பு?"

"இது கடிக்காது சார். அந்துப்பூச்சி."

"கொசுவுக்கு இது அந்துப்பூச்சிக்கு வச்ச லைட்டுன்னு தெரியுமா?"

 துணியைச் சுருட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். அங்கேதான் நல்ல இருட்டு.

அக்கரையில் அவர்கள் துணி கட்டினால் எங்கள் பால்கனியிலிருந்து தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். சார் எனக்கென்று கொடுத்திருந்த பைனாகுலரில் பார்த்தால் இன்னும் பெரிதாக. வெள்ளைத் துணிக்கு எதிரில் அவர்கள் இரண்டு பேரும் கறுப்பு உருவங்களாக அங்குமிங்கும் போவார்கள். முகம் தெரியாது. உயரத்தை வைத்து ஜோஷ்வா எது, சார் எது என்று கண்டுபிடிப்பேன்.

அங்கே கட்டிய இரண்டாம் நாள் போட்டோக்களை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது.

துணி முழுக்கப் பூச்சிகள். ஆனால் வலது பக்கம், மேலிருந்து கீழ் வரை, ஒரு ஆள் அகலத்துக்கு, ஒன்றுகூட இல்லை. இடம் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்த பூச்சிகள்கூட அந்தப் பக்கம் திரும்பி உட்காரவில்லை.

"சோப்பு சரியா போகலையோ என்னவோ" என்றார் ஜோஷ்வா.

அடுத்த முறை சாரின் வேட்டியைக் கட்டினார்கள். அதிலும் அதே மாதிரி காலி இடம். இந்த முறை இடது பக்கம்.

"காத்து ஒரு பக்கமா அடிச்சிருக்கும்மா" என்றார் சார். நானும் அதை விட்டுவிட்டேன்.

மே மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. பகலெல்லாம் நெருப்பு மாதிரி வெயில். நாலு மணிக்குத் திடீரென்று இடி, மழை. ஐந்தரைக்கு விட்டது. கோடையில் மழை பெய்த ராத்திரிதான் பூச்சிகள் கொட்டும் என்று ஜோஷ்வா ஒரு மாதமாகக் காத்திருந்தார். ஆனால் ராஜகோபாலன் சார் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார். ஏஞ்சலுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல்.

"தனியாவா போறீங்க? இன்னொரு நாள் போகலாமே" என்றேன்.

"இந்த மாதிரி மழை இன்னொரு நாள் வருமா எப்சி? ஒன்பதுக்குள்ள வந்துடுவேன். நீதான் பால்கனிலேருந்து பார்த்துக்கிட்டே இருப்பியே. அப்புறம் என்ன?"

போய்விட்டார்.

ஏழு முப்பத்தைந்துக்கு அக்கரையில் ஆள்காட்டி கத்தியது. ஜோஷ்வா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் துணி வெளிச்சமாகத் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தேன். ஒரே ஒரு கறுப்பு உருவம் கேமராவோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி அடங்கியது.

உள்ளே வந்து ஏஞ்சலுக்கு மருந்து கொடுத்தேன். நூற்றொன்று இருந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டதும் தூங்கிவிட்டாள்.

எட்டு ஐந்து.

ஆள்காட்டி மறுபடியும் கத்தியது. இந்த முறை நிற்காமல். பயந்துபோன கத்தல். இன்னொரு ஆள் கரைக்கு வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சட்டென்று நின்றது. பாதிக் கத்தலில்.

மழை பெய்த ஏரி. தவளைகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவையும் நின்றன. ஒவ்வொன்றாக இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில்...

பால்கனிக்கு வந்து பைனாகுலரை எடுத்தேன்.

துணிக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.

உயரமானவர் ஜோஷ்வா. அவருக்கு இடது பக்கம், ஒரு எட்டு தள்ளி, இன்னொன்று. குட்டையாக. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. அசையவே இல்லை.

மீன் பிடிக்கிறவர் யாராவது வேடிக்கை பார்க்க வந்திருப்பார். அப்படித்தான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் துணியைக் கவனித்தேன். இவ்வளவு தூரத்திலிருந்தும் பூச்சிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அந்த உருவத்தைச் சுற்றி மட்டும் துணி வெள்ளையாக இருந்தது.

போன் அடித்தேன். முழுசாக ரிங் போனது. எடுக்கவில்லை. எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு மறுபடி அடித்தேன். ரிங் சத்தமே வரவில்லை. உடனே எடுத்துவிட்டார்.

"சொல்லு."

"ஏங்க, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல."

"நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு இடது பக்கம். யாரோ நிக்கிறாங்க."

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

ஜோஷ்வாவின் குரல்தான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் பைனாகுலரில் அவருடைய இரண்டு கையும் கேமராவில் இருந்தன. இயர்போன் போட்டிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போது அவர் நிமிர்ந்தார். அந்த உருவத்தின் பக்கம் திரும்பினார். தலையை ஆட்டினார். கையை நீட்டினார். அதனோடு ஏதோ பேசுகிறார் என்று நன்றாகத் தெரிந்தது.

என் காதில் இருந்த போனில் எந்தப் பேச்சும் இல்லை.

"யாருகூடப் பேசறீங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அதே வார்த்தைகள். அதே ஏற்ற இறக்கம். நடுவில் மூச்சு வாங்கிய இடம்கூட அதேதான்.

 "கிளம்பி வாங்க. உடனே. பாப்பாவுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியா இருக்கு" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாப்பா இங்கதான் இருக்கா."

"என்னது?"

"பாப்பா இங்கதான் இருக்கா."

நான் உள்ளே ஓடினேன். கதவில் தோள் இடித்தது. கட்டிலில்... ஏஞ்சல் இருந்தாள். ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி சுட்டது. மூச்சு வந்துகொண்டிருந்தது. அவள் கையை என் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். போன் என் காதில்தான் இருந்தது. மறுமுனையில் யாரோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல் அமைதி.

திரும்பி பால்கனிக்கு வந்தேன். மணி எட்டு பதினான்கு.

இரண்டு பேரும் துணிக்கு முன்னால் இல்லை.

பைனாகுலரைக் கரைப் பக்கம் தாழ்த்தினேன். கரைச் சரிவில் இருந்தார்கள். துணியின் வெளிச்சம் தண்ணீர் வரை விழுந்தது. அந்த உருவம் முன்னால். ஜோஷ்வா பின்னால். ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறீங்க?"

"அங்கதான் வரேன்."

"எங்க?"

"வீட்டுக்கு. குறுக்கால வரேன்."

ஜோஷ்வாவுக்கு நீச்சல் தெரியாது. அந்த ஏரியில் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. லாரி லாரியாக அள்ளினார்கள். வெயில் காலத்தில்கூட அந்தப் பள்ளங்களில் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

"தண்ணிக்குள்ள போகாதீங்க! ஜோஷ்வா, நில்லுங்க!"

போனில் கத்தினேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தும் கத்தினேன். சரியாக அந்த நேரம் ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். சந்திரிகா அக்கா திறந்தார். பின்னாலேயே அவர் கணவர் தீனா அண்ணா. இந்த ஊர்க்காரர். ஏரிக்குக் கீழே அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் வயல் இருந்தது.

"இன்னாமா? இன்னா ஆச்சி?"

"அண்ணா, அவரு ஏரிக்குள்ள இறங்கறாரு அண்ணா... அக்கரைல..."

அவர் எங்கள் பால்கனிக்கு வந்து ஒரு நிமிடம் பார்த்தார். பைனாகுலர் கூட வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் விழுந்த தண்ணீரில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஒர்த்தர்தானே கீறாரு?" என்றார்.

"இல்ல அண்ணா. ரெண்டு பேர்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் பைக்ல போறேன். நீ இங்கியே நில்லு. எங்க போறாருன்னு கண்ண எடுக்காம பாரு. அப்பதான் நான் எந்த எடத்துல எறங்கணும்னு தெரியும். போன கட் பண்ணாத."

மணி எட்டு இருபது. அவர் போன பிறகு சந்திரிகா அக்கா ஏஞ்சலிடம் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே நூறுக்குப் போன் அடித்தார். அவர் பேசுவது கேட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை.

பார்ப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

முழங்கால் வரை தண்ணீர்.

அது அவருக்கு இரண்டு எட்டு முன்னால். அவர் கையை நீட்டுகிறார். அதைப் பிடிக்கப் பார்க்கிறார். அது நகர்கிறது.

இடுப்பு வரை.

"ஜோஷ்வா, பாப்பா என்கிட்ட இருக்கா. இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன். போகாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், போகாதீங்க."

"வரேன்."

"வராதீங்க!"

"வரேன்."

இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆள் நடந்தால் போனில் சலசலவென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. மூடிய பெட்டிக்குள் வைத்த மாதிரி அமைதி. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும்.

மார்பு வரை.

அப்போது அது நின்றது. திரும்பியது. அவர் பக்கம் இல்லை.

என் பக்கம்.

முகம் தெரியவில்லை. ஆனால் என்னைத்தான் பார்க்கிறது. எனக்குத் தெரிந்தது. 

"எப்சி" என்றது போன்.

விளக்கு அணைந்தது.

லைன் போய்விட்டது. மணி எட்டு இருபத்தெட்டு.

ஏரி முழுக்க இருட்டு. துணி இல்லை. தண்ணீர் இல்லை. ஜோஷ்வா இல்லை.

போன் அடித்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்து முறை...

எட்டு முப்பத்தைந்துக்கு தீனா அண்ணா அடித்தார். பின்னால் பஸ் ஹாரன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. "எம்மா, முகூர்த்தம்மா நாளிக்கி. ஊருக்குப் போற வண்டியெல்லாம் நின்னுகினு கீது. பைக்கு நொயைய எடம் இல்ல. ராங் சைடுல வர்றேன். எங்க கீறாரு?"

"தெரியல அண்ணா. லைட் போயிடுச்சு."

அவர் கட் செய்துவிட்டார்.

முழங்காலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். 'பரமண்டலங்களிலிருக்கிற...' அதற்கு மேல் வரவில்லை. ஆறு வயதிலிருந்து சொல்கிற ஜெபம். அடுத்த வார்த்தை வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி நின்றேன்.

ஒரு தவளை கத்தியது.

அப்புறம் இன்னொன்று.

அப்புறம் எல்லாம்.

மணி எட்டு ஐம்பத்தொன்று. போன்.

"எம்மா... கெடச்சிட்டாரு. உசுரோட கீறாரு. அழாத. இட்டுகினு வர்றேன்."

உள்ளே ஓடிப்போய் சந்திரிகா அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

தீனா அண்ணா பிறகு சொன்னது இது. வழியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டார்ச் அடித்துத் தேடியபோது ஜோஷ்வா கழுத்தளவு தண்ணீரில், ஆகாயத்தாமரைக்கு நடுவில், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாராம். யாரோ மீனுக்குக் கட்டி வைத்திருந்த நைலான் வலையில் அவர் கால் சிக்கியிருந்தது. வலையை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம். இவர்கள் இழுத்தபோது அவர் வரமாட்டேன் என்று திமிறினாராம். மூன்று பேராலும் சுலபத்தில் இழுக்க முடியவில்லையாம்.

ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்குள் வந்தார். உடம்பெல்லாம் சேறு. கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கிட்டே வந்து என் நைட்டியின் கீழ் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் படுக்கையறைக்குப் போய் ஏஞ்சலின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

துவட்டிவிட்டு, சூடாகக் காபி கொடுத்துவிட்டு, கடைசியில் கேட்டேன்.

"போன்ல ஏன் அப்படிப் பேசினீங்க?"

"எந்த போன்?"

"நான் பண்ணினேனே. யாரும் இல்ல, நான் மட்டும்தான்னு..."

அவர் என்னையே பார்த்தார். "என் போன் வண்டி சீட்டுக்கு அடில இருக்கு எப்சி. மறுபடி மழை வந்தா நனையும்னு போனதுமே உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை தீனா அண்ணா அக்கரையில் நின்ற இவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்க்கிங்கில் வைத்து நானே சீட்டைத் திறந்தேன். ரெயின்கோட்டுக்கு அடியில் போன். சொட்டு ஈரம் இல்லை.

ஏழு மிஸ்டு கால். ஏழும் நான் அடித்தவை. எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு நான் அடித்த காலும் அதில் மிஸ்டு கால்தான்.

என் போனில் அந்தக் காலுக்கு நேரே பத்தொன்பது நிமிடம் என்று இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை. சந்தேகப்படுகிற எல்லாரிடமும் காட்டியிருக்கிறேன். நெட்வொர்க் கோளாறு என்கிறார்கள். இருக்கலாம். நெட்வொர்க் என் மகளைப் பற்றிப் பேசுமா?

அந்த ஏரியில் முன்பு யாராவது செத்திருக்கிறார்களா என்று தீனா அண்ணாவிடம் கேட்டேன். ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ஒரு கதை, ஒரு காரணம். செத்தவருக்காக ஒரு மெழுகுவத்தியாவது ஏற்றலாம்.

அவர் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதாம்மா எனக்கும் பேஜாரா கீது. அது எங்க வயலுக்குத் தண்ணி வுட்ட ஏரி. நாங்கோ பொறந்து வளந்ததே அந்தக் கரை மேலதான். எனக்குத் தெரிஞ்சி அதுல ஒர்த்தரும் வுயுந்து சாவல. எங்கப்பனும் அப்டி ஒண்ணு சொன்னதில்ல. ஆடு, மாடு கூட இல்ல. ஒரு கதையும் கெடையாது."

பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். கும்பகோணத்திலிருந்து வந்த ராஜகோபாலன் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, துணி, பல்பு, பேட்டரி எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் எங்களைக் கீழே பார்த்தால் பறவைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஏஞ்சல் மட்டும் ஏன் காலையில் ஆள்காட்டி பார்க்கப் போவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று கரையில் தன் பக்கத்தில் நின்றது யார் என்று ஜோஷ்வா சொல்லவில்லை. நான் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆபீசுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனால் ராத்திரியில் நான் போனில் யாரிடமாவது பேசினால் அவரால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. என் அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசினால்கூடக் காதைப் பொத்திக்கொள்வார். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். ஏஞ்சல் புது பேகைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். கரண்ட் போயிருந்தது. இருட்டில் என் முகம் தெரியாததாலோ என்னவோ, அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"நீதான் வந்தே எப்சி."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னே. காய்ச்சலோட எதுக்குத் தூக்கிட்டு வந்தே, ஆட்டோல வந்தியான்னு கேட்டேன். நீ எனக்குப் பதிலே சொல்லல. போன்ல யாரோடயோ பேசிக்கிட்டே இருந்தே."

"என்ன பேசினேன்?"

இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"பக்கத்துல யாரு, பக்கத்துல யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. அப்புறம் கத்த ஆரம்பிச்சே. 'போகாதீங்க, தண்ணிக்குள்ள போகாதீங்க'ன்னு போன்ல அழுதுகிட்டே, பாப்பாவோட தண்ணிக்குள்ள இறங்கிட்டே. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்ல. நான் எப்படி எப்சி கரைல நிக்க முடியும்?"